உதிரும், பயப்பட வேண்டாம்

மாத்திரை வாங்க வருகிறவர்கள் மாத்திரையைத்தான் கேட்பார்கள். அவர் மட்டும் டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளையும் சேர்த்துக் கேட்பார்.

"உள்ள ஒரு பேப்பர் வெச்சிருப்பானே, பொடி எழுத்துல. அத்தையும் குடும்மா."

உத்திரமேரூர் பஜாரில் ஒரு மெடிக்கலில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. தலைவலிக்கு இரண்டே இரண்டு மாத்திரை வாங்குகிறவருக்கு எதற்கு அந்தத் தாள் என்று விழித்தேன். உள்ளே கணக்கு பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஓனர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "குடுத்துடும்மா. குடுக்கலன்னா அங்கயே நிப்பாரு."

கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார். எங்களுக்கு நேர் எதிரே அவருடைய கடை. எரிந்துபோன கிணற்று மோட்டார், போர் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற கடை. கருகின செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கட்டுவார். ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. காயில்காரர் என்பார்கள். நான் அண்ணா என்பேன். நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தார். நெற்றியிலிருந்து உச்சி வரை வழுவழுவென்ற வழுக்கை. காதுக்கு மேலே மட்டும் கொஞ்சம் முடி. கல்யாணம் ஆகவில்லை. ஏரிக்கரைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அம்மாவோடு இருக்கிறார் என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது.

எட்டாவது வரை படித்தவர். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பார். புரியாத வார்த்தையின் கீழே நகத்தால் கோடு போட்டுக்கொண்டு வந்து என்னிடம் கேட்பார். ஃபேன், மிக்ஸி, குக்கர், கொசு மெஷின் என்று எதற்கு வந்த தாளானாலும் அவரிடம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். பக்கத்து டீக்கடையில் புது ஃப்ரிட்ஜ் வந்து இறங்கிய அன்று, "நாலு மணி நேரம் சும்மா நிக்கணும், அப்புறந்தான் ஸ்விட்ச்சு போடணும். பேப்பர்ல போட்டுக்கீது" என்று சொல்லிவிட்டுப் பிளக்கைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாக்கெட் பாலை எல்லாம் அண்டாத் தண்ணீரில் மிதக்கவிட்டுக்கொண்டு டீக்கடைக்காரர் நான்கு மணி நேரம் அவரைத் திட்டினார். நேரம் ஆனதும் இவர் எழுந்து பிளக்கைச் சொருகிவிட்டுப் போனார்.

இது வேடிக்கை. வேடிக்கையாக இல்லாத ஒன்றையும் பார்த்தேன். நவரைப் பட்டத்து நெல் கதிர் வாங்குகிற நேரம், ஒரு விவசாயியின் மோட்டார் எரிந்துபோனது. காயில் கட்டி முடித்து, வார்னிஷில் முக்கி, காய வைத்திருந்தார். அந்த ஆள் காலையிலிருந்து கடை வாசலிலேயே நின்றார். மத்தியானம் ஆனதும் கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்.

"பயிரு சுருண்டுக்கினு கீதுபா. தொட்டுப் பாரு, காஞ்சிதான் கீது. குடுத்துடு."

"நாளைக்குக் காலைல. வார்னிஷ் டின்னுல போட்டுக்கீது."

"டின்னுல போட்டவன் என் பயிரப் பாத்தானா?"

"மேல காஞ்சிருக்கும். உள்ள காஞ்சிருக்காது. ஓட்டினா மறுபடியும் எரியும்."

அந்த ஆள் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுத்துத் தொலைத்தால் என்ன என்று எனக்கே கோபம் வந்தது. அவர் கொடுக்கவில்லை. மறுநாள் காலை அவரே வண்டி வைத்து மோட்டாரை ஏற்றிக்கொண்டு போய்க் கிணற்றில் இறக்கிக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். பயிர் பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட மனிதர், சீப்பையோ கண்ணாடியையோ கையில் எடுத்து யாரும் பார்த்திராத மனிதர், அந்த வருடம் தீபாவளி முடிந்ததும் நான்கு நாள் கடையைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் தொளதொளவென்று ஒரு துணித் தொப்பியோடு எங்கள் கடைக்கு வந்தார்.

"இன்னாண்ணா, உடம்பு சரியில்லையா?"

இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். தலை முழுக்க மொட்டை. நெற்றிக்கு மேலே கேழ்வரகைத் தூவினாற்போலச் செந்நிறப் பொட்டுகள்.

"மெட்ராஸ்ல போய் முடி நட்டுக்கினு வந்தேம்மா."

எனக்குச் சிரிப்பும் ஆச்சரியமும் ஒன்றாக வந்தன. கேட்பதற்கு நாக்கின் நுனியில் பத்துக் கேள்விகள் இருந்தன. அவர் ஒன்றுக்கும் இடம் தராமல் சட்டைப் பையிலிருந்து இரண்டு பக்க ஆங்கிலத் தாளை எடுத்து நீட்டினார்.

"இத்தத் தமிழ்ல எழுதிக் குடு. ஒரு எழுத்து வுடக்கூடாது."

கடையில் கூட்டமில்லை. பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுதினேன். தலையணையை உயர்த்திச் சாய்ந்தபடி தூங்க வேண்டும். வெயில் படக்கூடாது. வியர்க்க வேலை செய்யக்கூடாது. பொருக்கைப் பிய்க்கக்கூடாது, தானே விழும். நட்ட இடத்தில் ஆறு மாதத்துக்கு பிளேடு போடக்கூடாது. இப்படியே எழுதிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றேன்.

"அண்ணா, மூணாவது வாரத்துலருந்து எட்டாவது வாரத்துக்குள்ள நட்ட முடியெல்லாம் உதிர்ந்துடுமாம்."

"போட்டுக்கீதா?"

"போட்டிருக்கு. பயப்பட வேண்டாமாம். வேரு உள்ளயே இருக்குமாம். மூணு நாலு மாசம் கழிச்சு புதுசா வளருமாம்."

"அப்ப உதிரட்டும்" என்றார்.

அவர் போனதும் ஓனர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். "பொண்ணு பாத்துட்டாரு போலக்கீதே?" பஜார் முழுக்க அதே பேச்சுதான். நெல் விளைகிற ஊரில் முடி நட்டுக்கொண்டு வந்த ஆளைச் சும்மா விடுவார்களா? களை எடுத்தாச்சா, தண்ணி கட்டினியா, யூரியா போட்டியா என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே கம்பியைச் சுற்றிக்கொண்டிருப்பார்.

எனக்கு மட்டும் அது வெறும் கேலியாக அடங்கவில்லை. இருபது வருடமாக வழுக்கையோடு நிம்மதியாக இருந்த மனிதருக்கு இப்போது ஏன்? நான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். கடை திறந்த இரண்டாம் நாள் ஸ்வீட் கடைக்குப் போய் ஒரே ஒரு லட்டு வாங்கிக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போனார். வியாபார நேரத்தில் அவர் கடையைப் பூட்டிப் பார்த்ததே இல்லை. பிறகு பொருக்கெல்லாம் விழுந்து, நட்ட இடத்தில் கருகருவென்று முளை தெரிந்தது. இரண்டு மூன்று வாரத் தாடி அளவுக்கு முன்னந்தலை கறுத்தது. அந்த நாட்களில் ஒருநாள் சும்மாவே எங்கள் கடைக்கு வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் சிரித்தது.

"பேரச் சொல்லிக் கூப்ட்டாங்கம்மா."

"யாருண்ணா?"

"ஒண்ணுமில்ல." போய்விட்டார்.

ஓனர் மேசையைத் தட்டினார். "பாத்தியா? பொண்ணுதான்!"

நானும் நம்பினேன். மறுநாள் எதிரில் வந்தவரிடம், "பொண்ணு எந்த ஊருண்ணா? தென்னேரியா, ராஜகுளமா?" என்று கேட்கவும் செய்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை அப்போது எனக்குப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது வாரத்தில் உதிர ஆரம்பித்தது. தாளில் போட்டிருந்தபடியேதான் நடந்தது. நான் எழுதிக் கொடுத்ததை அவர் மனப்பாடமாகவே வைத்திருந்தார். அதனால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு காலையில் வெள்ளைத் தாள் பொட்டலம் ஒன்றை என் முன்னால் பிரித்தார். உள்ளே அரை விரற்கடை கூட இல்லாத முடிகள், எறும்புக் கால்களைப் போல.

"நுனியப் பாரு. வெள்ளையா ஒண்ணு கீதா? வேரு வந்துடுச்சாம்மா?"

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சில முடிகளின் அடியில் கடுகைவிடச் சின்னதாக வெளுப்பாக ஏதோ இருந்தது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருடைய போனிலேயே அந்த கிளினிக்குக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு பெண் பேசினாள். பொறுமையாகத்தான் சொன்னாள். "அது வேர் இல்லை சார். முடி உதிரும்போது அடியில அப்படித்தான் இருக்கும். வேர் தோலுக்குள்ள பத்திரமா இருக்கு. இப்ப ஓய்வு எடுக்குது. பொங்கல் கழிச்சுப் பாருங்க, மெல்ல வர ஆரம்பிக்கும். நல்லா அடர்த்தியாக எட்டு மாசம், பத்து மாசம், ஒரு வருஷம் கூட ஆகலாம்."

"கேட்டீங்களா?" என்றேன்.

அவர் பொட்டலத்தை மடித்தார்.

"கரெக்ட்டுதான். பேப்பர்லயும் போட்டுக்கீது. ஆனா அது வரைக்கும் நான் இன்னா பண்றது?"

"அப்படி இன்னாண்ணா அவசரம்?"

பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மார்கழி முடிவதற்குள் முன்னந்தலை பழையபடி வழுவழுவென்று ஆகிவிட்டது. சுற்றிலும் இருந்த சொந்த முடி மட்டும் வளர்ந்து, காதுக்கு மேலே பழைய வளையமாக நின்றது. விளைச்சல் போச்சே என்று பஜாரில் துக்கம் விசாரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. டீ குடிக்கக் கூட வருவதில்லை. கடையை மத்தியானத்தோடு பூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

பொங்கல் கழிந்த வாரம் மெடிக்கலுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. பஞ்சு, கட்டுத்துணி, புண்ணுக்குப் போடும் மருந்து எல்லாம் வேண்டும். வீட்டை விட்டு வர முடியாது. யாராவது கொண்டுவந்து கொடுக்க முடியுமா என்றார். என் சாப்பாட்டு நேரம். ஓனருடைய வண்டியை வாங்கிக்கொண்டு நான் போனேன்.

அவர் தன் வீட்டுக்கு வெளியே, எதிர்ச் சுவரோரம் நின்றிருந்தார். உள்ளே விடாத விருந்தாளியைப் போல நின்றிருந்தார்.

"அம்மாவுக்குக் கையில கண்ணாடி கிழிச்சிடுச்சும்மா. நீ உள்ள போய்க் கட்டிவுடு. நான் வந்தா கத்துவாங்க."

"ஏண்ணா?"

"நீ போ, தெரியும்."

கதவைத் திறந்தேன். சுவரோடு சுவராக ஒரு சின்ன உருவம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் உடைந்த கண்ணாடி டம்ளர். புடவை நுனியில் ரத்தம். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா சைகை காட்டினார்.

"கதவ சாத்து. சீக்கிரம் சாத்தும்மா. போய்ட்டானா?"

"யாரும்மா?"

"அதான், அந்த வயுக்கத் தலையன். வாசல்ல நிக்கிறான் பாரு. குடிச்சிட்டு வந்துக்கிறான். உள்ள வுட்டுடாத."

கதவிடுக்கில் பார்த்தேன். வாசலில் அவரைத் தவிர யாருமில்லை. வெயிலில் ஒரு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

கையைத் துடைத்துக் கட்டுப் போட்டேன். அந்த அம்மா குழந்தையைப் போலக் கையைக் கொடுத்தார். முழங்கைக்கு மேலே, ரொம்பப் பழைய, வெளுத்துப் போன ஒரு தழும்பு இருந்தது. அதை அவரே எனக்குக் காட்டி, "இது மம்முட்டிக் காம்பு" என்றார், மண்வெட்டியை ஓங்குவது போலக் காட்டி. சுவரில் ஓர் ஆணி. அதற்குக் கீழே சட்டம் மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது.

வெளியே வந்ததும் அவர் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"எங்க நைனா செத்து பதினெட்டு வருஷம் ஆவுதும்மா. குடிச்சா மனுசனே இல்ல. எனக்கு அவரு மூஞ்சி, அவரு மூக்கு, அவரு காது. சின்ன வயசுல சுருட்ட முடி இருந்துச்சு, அது ஒண்ணுதான் வித்தியாசம். இருவத்தஞ்சு வயசுல அதுவும் போச்சு. அம்மா அப்ப ஒண்ணும் சொல்லல. இப்ப ரெண்டு வருஷமா அவங்க நெனப்பு பின்னாடி போய்க்கினே கீது. ஒருநாள் நான் சோத்துத் தட்ட எடுத்துக்கினு உள்ள போறேன், என்னப் பாத்துட்டு மூலையில போய் தலைய மூடிக்கினு உக்காந்துட்டாங்க. அடிக்காதய்யான்னு சொல்றாங்க. யாருகிட்ட? என்கிட்ட."

சுவரில் இருந்த அப்பாவின் போட்டோவைக் கழற்றி வைத்துப் பார்த்தாராம். "போட்டோவக் கயட்டி இன்னா? என் மூஞ்சியே போட்டோவாச்சே."

விக் வாங்கிப் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் சரியாக இருந்ததாம். மூன்றாம் நாள் பாசமாகத் தலையைத் தடவிய அந்த அம்மாவின் கையோடு விக் வந்துவிட்டது. மகனுக்குள்ளிருந்தே அந்த ஆள் வெளியே வந்துவிட்டான் என்று தெரு அதிரக் கத்தினாராம். அம்மாவைக் காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார். எதிர்த்துப் பேசாதீர்கள், கூடவே இருங்கள் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள்.

"கொசு மெஷினுக்கு நாலு பக்கம் பேப்பர் தரான்ம்மா. இந்த வியாதிக்கு ஒரு பேப்பர் தரல. நானாத்தான் யோசிச்சேன். சொந்த முடியா தலையில மொளைச்சா புடுங்கினாலும் வராதில்ல?"

நட்டுக்கொண்டு மொட்டைத் தலையோடு வந்த அன்று அவருடைய அம்மா பயப்படவே இல்லையாம். திருப்பதி போய்விட்டு வந்த யாரோ என்று நினைத்துக் கும்பிட்டு, லட்டு எங்கே என்று கேட்டிருக்கிறார். அந்த ஒற்றை லட்டு அதற்குத்தான். முன்னந்தலை கறுத்த வாரத்தில் ஒருநாள் உற்றுப் பார்த்து, அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

"ரெண்டு வருஷம் கயிச்சு என் பேரச் சொன்னாங்கம்மா. ஒம்போது நாளு. தெனமும் சொன்னாங்க. அப்புறம் கொட்டிடுச்சு."

பொண்ணு எந்த ஊரு என்று நான் கேட்டது ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கூடக் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"மொட்ட அடிச்சா அவங்களுக்கு பயம் இல்ல. அடிச்சிக்கட்டுமா? பேப்பர்ல இன்னா போட்டுக்கீது, இன்னொரு தபா சொல்லு."

"ஆறு மாசத்துக்கு பிளேடு போடக்கூடாதுன்னு போட்டிருக்குண்ணா."

"போட்டா இன்னா ஆவும்னு போட்டுக்கீதா?"

"அது போடல."

"நீ சொல்லும்மா. அடிச்சிக்கட்டுமா, வாணாமா?"

என் வயது அப்போது இருபத்து நாலு. நான் தாளைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். "வேணாம்னுதானேண்ணா போட்டிருக்கு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். என் சொல்லால்தான் அவர் அதற்குப் பிறகும் அத்தனை மாதம் தன் வீட்டு வாசலில் நின்றார் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்றும் தெரியவில்லை.

அந்த மாதங்களை அவர் கடந்த விதத்தை நான் வியாழக்கிழமைகளில் பார்த்தேன். வியாழன் மத்தியானம் கட்டுப் பிரித்துப் பார்க்கப் போவேன். கை ஆறின பிறகும் போனேன். சமையல் அவர்தான். பக்கத்து வீட்டில் கழனி வேலைக்குப் போகும் ஓர் அக்கா இருந்தார். தட்டை உள்ளே கொண்டுபோய் வைப்பது, குளிப்பாட்டுவதெல்லாம் அந்த அக்கா. இவர் பின்பக்கச் சன்னலுக்குக் கீழே, உள்ளேயிருந்து பார்த்தால் தலை தெரியாதபடி தரையில் உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்து பேசுவார். மூஞ்சிதான் அப்பாவுடையது, குரல் அவருடைய சொந்தக் குரல். அந்த அம்மாவுக்கு அந்தக் குரல் தெரிந்தது.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன். கொயம்புல உப்பு இல்ல. நீ எங்க கீற?"

"இங்கதான், பின்னாடி."

"ரசத்தையாவது ஊத்தச் சொல்லு."

இப்படியே மணிக்கணக்காகப் போகும். மோட்டாரை வீட்டுக்கே கொண்டுவந்து, சன்னலுக்குக் கீழே உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டே பேசுவார். சுற்று எண்ணிக்கை தப்பிப்போகும். அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றுவார். கடையில் அவர் எண்ணிக்கை தப்பி நான் பார்த்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை அவர் சன்னலுக்குக் கீழே ஒரு பழுப்புத் தாளை வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவின் இறப்புச் சான்றிதழ். பெட்டியைக் கிளறித் தேடி எடுத்திருக்கிறார்.

"அம்மா, கேளு. கவர்மெண்டு பேப்பர் படிக்கிறேன்." பேர், ஊர், செத்த தேதி, இடம் எல்லாவற்றையும் ஒரு எழுத்து விடாமல் நிறுத்தி நிறுத்திப் படித்தார். "கேட்டியா? அந்தாளு செத்துட்டாரு. சீலு வெச்சிக் குடுத்துக்கிறாங்க. இனிமே வர மாட்டாரு."

உள்ளே நான் அந்த அம்மாவின் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் யோசித்தார். பிறகு சன்னலைப் பார்த்துச் சொன்னார்:

"காயிதத்துல இன்னா வோணா எயுதுவாங்க. அவன் வாசல்ல வந்து நிக்கிறான். நீ இன்னாடான்னா காயிதம் படிச்சிக்கினு கீற."

வெளியே அவர் சிரித்த சத்தம் கேட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். ஒரு தாள் தோற்றுப்போனதற்காக அவர் சிரித்ததும் அன்று மட்டும்தான்.

மாசிக் கடைசியில் முளைத்தது. முதலில் பூனை மயிரைப் போல, வெயிலில் திரும்பினால்தான் தெரிகிற அளவுக்கு. சித்திரையில் பஜாரில் மற்றவர்களுக்கும் தெரிந்தது. முளைத்தது நேர்முடியாக இல்லை; சுருட்டையாக வந்தது. நட்டதெல்லாம் சுருட்டையாகத்தான் வருமா என்று என்னிடம் கேட்டார். தாளில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. சில பேருக்கு ஆரம்பத்தில் அப்படித்தான் வரும், போகப் போக மாறலாம் என்று கிளினிக் பெண் போனில் சொன்னாள். மாற வேண்டாம் என்று இவர் சொன்னார். ஆனி பிறந்தபோது முன்னந்தலை நன்றாகவே மூடிவிட்டது.

அந்த அம்மா அதற்கப்புறம் ஒன்றரை வருடம் இருந்தார். காரியத்தன்று காயில்காரர் தலையை நாவிதரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். சுருள் சுருளாக மடியில் விழுந்தது. பஜாரிலிருந்து வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கேலி பேசவில்லை. முடி மறுபடி வளர்ந்தது. அதை அவர் வாரி நான் பார்க்கவில்லை. வெட்டுவதும் வளர்ப்பதும் நாவிதர் பாடு என்று விட்டுவிட்டார். நான் கல்யாணமாகி வாலாஜாபாத் பக்கம் வந்துவிட்டேன். இப்போதும் அவர் அங்கேதான் காயில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

நான் சொல்ல வந்தது அந்த ஆனி மாத வியாழக்கிழமையைப் பற்றி.

மூன்று மணி இருக்கும். போகும்போது வாசலில் அவர் இல்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சன்னலுக்குக் கீழேயும் இல்லை. மோட்டார் மட்டும் பாதி சுற்றிய கம்பியோடு கிடந்தது. பயந்துபோய்க் கதவைத் தள்ளினேன்.

அந்த அம்மா அரிசி டிரம்முக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முந்தானையை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாத. புள்ள உள்ள கீறான்."

எட்டிப் பார்த்தேன். டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில், முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு அந்த இடத்துக்குள் எப்படிப் போனதென்று தெரியவில்லை. சுருட்டை முடியில் நூலாம்படை ஒட்டியிருந்தது.

"எவ்ளோ நேரமாண்ணா?"

"சாப்பாட்டுத் தட்ட எடுத்துக்கினு வந்தேன்" என்றார் கிசுகிசுப்பாக. "பாத்தவுடனே பேரச் சொன்னாங்க. சொல்லிட்டு, அந்தாளு வர நேரம் ஆச்சு, ஒளிஞ்சிக்கோன்னுட்டாங்க. பன்னெண்டு மணி இருக்கும்."

"மூணு மணி நேரமாவா? கால் மரத்துடும்ணா. வெளிய வாங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். "சின்னப்பவும் இங்கதான் ஒளிச்சி வெப்பாங்க. அப்ப இங்க நெல்லுக் குதிரு இருந்துச்சு. வெளிய அடி வியுற சத்தம் கேக்கும். சத்தம் நின்ன அப்புறம் வந்து கூப்புடுவாங்க. அவங்க கூப்புடட்டும்."

அந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டித் தேடினார். கை அவர் தலையில் பட்டது. விரல்கள் முடிக்குள் போயின.

"இருக்கியா கண்ணு?"

"கீறேம்மா."

"போய்ட்டானா பாரும்மா" என்று என்னிடம் சொன்னார்.

நான் வாசலுக்குப் போய் நின்றேன். தெரு காலியாகக் கிடந்தது. வெயிலில் ஒரு கோழி கூட இல்லை. திரும்பி வந்து, "போய்ட்டாரும்மா. ஏரிக்கரையத் தாண்டிப் போய்ட்டாரு" என்றேன்.

அந்த அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பலாமா என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது. பிறகு விரித்த முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்து, சந்தை நன்றாக மூடினார்.

"இன்னும் செத்த இரு கண்ணு. திரும்பி வந்தாலும் வருவான்."

"சரிம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.